கயிற்றின் எந்தப் பக்கம் யார்?

கோவைப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் அக்கவுண்ட்ஸ், எதிர்ப்பக்கம் மெஷின் ஷாப். பக்கத்துக்கு எட்டுப் பேர். விசில் சத்தம் அடங்குவதற்குள் முடிந்துவிட்டது. தினமும் காஸ்டிங் தூக்கிக் காய்ப்பேறிய கைகளும் கீபோர்டு தட்டும் கைகளும் ஒரே கயிற்றைப் பிடித்தால் வேறென்ன நடக்கும்? அக்கவுண்ட்ஸ்காரர்கள் புழுதியோடு புழுதியாக இழுபட்டுப் போனார்கள். மைக் பிடித்தவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "கணக்குல புலி, கயித்துல எலி!" கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

திங்கட்கிழமை மெஷின் ஷாப்பின் ஓ.டி. வவுச்சர்கள் அக்கவுண்ட்ஸுக்குப் போயின. சாயங்காலமே திரும்பி வந்தன. "ஒரு கையெழுத்து விட்டுப் போச்சுங்க. வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்." அடுத்த வாரம் தேதி தெளிவாக இல்லை. அதற்கடுத்த வாரம் கார்பன் காப்பி மங்கல். புலிக்கும் எலிக்கும் சமாதானம் ஆக மார்ச் மாதம் ஆகிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு நாள் விளையாட்டு விழா நடத்தாத கம்பெனி இன்று குறைவு. பொங்கல், ஆயுத பூஜை, கம்பெனி தொடங்கிய நாள் என்று ஏதாவது ஒரு சாக்கு. லெமன் அண்ட் ஸ்பூன், மியூசிக்கல் சேர், டென்னிஸ் பந்து கிரிக்கெட், கடைசியில் கயிறு. பரிசுக்கு சில்வர் டிபன் பாக்ஸ். இந்தப் பொறுப்பு இந்த வருஷம் உங்கள் தலையில் விழுந்திருந்தால் மேலே படியுங்கள். மைதானம் பிடிக்க, மைக் செட் சொல்ல, பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுக்க எல்லாம் ஆள் வந்துவிடும். யாரை எந்த அணியில் போடுவது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. டிபார்ட்மெண்ட் வாரியாக லிஸ்ட் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதையே பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள். கெடுவது அங்கேதான்.

ஒரு முகாமில் நடந்தது

1954 கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். பதினோரு வயதையொட்டிய 22 பையன்கள், முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். வந்து இறங்கும்போதே இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார்கள். ஒரு கூட்டம் தனக்கு ராட்லர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது, மற்றது ஈகிள்ஸ் என்று. பிறகு இரண்டையும் மோதவிட்டார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை, ஆளுக்கொரு பதக்கம், ஆளுக்கொரு பேனாக்கத்தி. தோற்றால் வெறுங்கை.

முதல் கயிறு இழுப்பில் தோற்ற ஈகிள்ஸ் பையன்கள் அன்றே எதிரணியின் கொடியை எரித்தார்கள். அதன்பின் ஒருவர் குடிலுக்குள் மற்றவர் புகுந்து சூறையாடுவது, கைகலப்பு, ஏச்சு. சரி, சேர்ந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஒரே இடத்தில் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டையே எடுத்து வீசிக்கொண்டார்கள். படம் போட்டுக் காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. (நம் விளையாட்டு விழாவின் கடைசியிலும் எல்லோரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து பிரியாணி போடுகிறோம். யார் யார் எந்த மேஜையில் உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை எட்டி நின்று பாருங்கள்.)

அடுத்து ஷெரிஃப் செய்ததுதான் நமக்கு வேண்டியது. முகாமுக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு கூட்டத்தையும் அனுப்பினார். இன்னொரு நாள் சாப்பாடு வாங்கி வரவேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. அதுவும் ஏற்பாடுதான், பையன்களுக்குத் தெரியாது. அவர்களே ஒரு கயிற்றைக் கொண்டுவந்து லாரியில் கட்டி, ஒரே பக்கம் நின்று எல்லோருமாக இழுத்தார்கள். முந்தின வாரம் எந்தக் கயிற்றால் எதிரெதிரே நின்று இழுத்தார்களோ, அதே கயிறு. ஊருக்குத் திரும்பும் வழியில், தாங்கள் ஒரு போட்டியில் ஜெயித்து வைத்திருந்த ஐந்து டாலரில் எல்லோருக்கும் மால்ட் பால் வாங்கிக் கொடுத்தார்கள் ராட்லர்ஸ் பையன்கள்.

இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டு, போட்டியே ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் விட்டுவிடுவது இதற்கு முந்தைய வருஷம் நடந்ததை. 1953-இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவில் ஷெரிஃப் இதே சோதனையைச் செய்து தோற்றார். அங்கே பையன்களை முதலில் எல்லோரையும் ஒன்றாகப் பழகவிட்டு, அதற்குப் பிறகுதான் இரண்டாகப் பிரித்தார்கள். எதிரணி மேல் பழி விழுகிற மாதிரி ஆராய்ச்சிக்காரர்களே திருட்டுத்தனமாகச் சில்மிஷம் செய்து பார்த்தார்கள். பையன்கள் சண்டைக்குப் போகவில்லை. முகாம் ஆட்கள் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். சோதனையைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று. ஆராய்ச்சிக்குத்தான் அது தோல்வி. விளையாட்டு விழா நடத்துகிற நமக்கு இதைவிட நல்ல சேதி வேறில்லை: முன்பே பழகியவர்களை எதிரெதிர் அணியில் போட்டாலும் பகை அவ்வளவு சுலபமாக மூளுவதில்லை.

கம்பெனிக்குள் மெஷின் ஷாப்புக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. அதன் மேலேயே மைதானத்திலும் சுண்ணாம்பு போட்டால் கோடு தடிக்கும். அதற்குக் குறுக்கே போட வேண்டும்.

எப்படி என்றால், பல வழி. பிறந்த மாதம் ஒன்று. சீட்டுக் குலுக்கிப் போடுவது இன்னொன்று. நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்தது பஸ் ரூட். கம்பெனி பஸ் ஓடுகிற இடமாக இருந்தால் இதை விடாதீர்கள். ஒரே பஸ்ஸில் ஸ்டோர்ஸ் ஆளும் டிசைன் இன்ஜினியரும் கேன்டீன் அம்மாவும் வருகிறார்கள். தினம் ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு, பெயர்கூடத் தெரியாமல் வருகிறார்கள். "சூலூர் பஸ், அன்னூர் பஸ்" என்று அணி பிரித்துவிட்டால், கேப்டனாக யாரைப் போடுவது என்கிற பேச்சு மறுநாள் காலை பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடும். போட்டி முடிந்த பிறகும் அந்தப் பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நான் இருந்த இன்னொரு இடத்தில், கம்பெனி ரோலில் இல்லை என்று சொல்லி ஒரு செக்யூரிட்டிப் பையனைக் கிரிக்கெட் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். முந்தின ஆட்டத்தில் நான்கு விக்கெட் எடுத்தவன் அவன். ஃபைனல் அன்று அவனுக்கு மைதானத்து கேட்டில் டியூட்டி போட்டிருந்தார்கள். அந்த விழாவின் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். இப்போது பார்த்தாலும் எனக்கு அவன் நின்ற கேட்தான் ஞாபகத்துக்கு வரும்.

கூட்டத்தோடு கோவிந்தா

அணி பிரித்தாயிற்று. அதற்குள் எல்லோரும் சேர்ந்து உழைப்பார்களா? இதையும் கயிற்றை வைத்தே ஒருவர் அளந்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மான், பிரெஞ்சு வேளாண் பொறியாளர். பண்ணை வேலையில் மனிதன், விலங்கு, இயந்திரம் எது எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1880-களில் செய்த அளவுகளை 1913-இல் வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் சேரும்போது ஆளுக்கு 93. நான்கு பேர் என்றால் 77. எட்டுப் பேர் என்றால் 49. அதாவது எட்டுப் பேர் இழுத்தும் கயிற்றுக்குப் போய்ச் சேர்வது நான்கு பேர் பலம்தான்.

காரணம் இரண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. இவர் இழுக்கும்போது அவர் காலை மாற்றி வைக்கிறார். இன்னொன்று, மற்றவர்கள்தான் இழுக்கிறார்களே என்று கை தானாகத் தளர்வது. இரண்டாவதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க 1974-இல் ஆலன் இங்ஹாமும் கூட்டாளிகளும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆளின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் இன்னும் பலர் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் சும்மா முக்கினார்கள். அப்போதும் முன்னால் நின்றவரின் இழுப்பு குறைந்தது. 1979-இல் பிப் லதானேயும் இரு சகாக்களும் கைதட்டுவதிலும் கத்துவதிலும் இதே சுணக்கத்தைக் கண்டு அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். நம் ஊரில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: கூட்டத்தோடு கோவிந்தா போடுவது.

அவர்களே 1981-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒவ்வொருவரின் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் சுணக்கம் காணாமல் போயிற்று. ஆகவே அணி சிறியதாக இருக்கட்டும். பதினைந்து இருபது பேரைக் கயிற்றில் தொங்கவிட்டால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சர்வதேச விதியிலும் அணிக்கு எட்டுப் பேர்தான். நாலு ஆண், நாலு பெண் சேர்ந்த கலப்புப் பிரிவும் உண்டு. ஒவ்வொருவர் வேலையும் கண்ணில் படுகிற விளையாட்டாகவும் இருக்கட்டும்.

முதல் காரணத்துக்கு மருந்து குரல். கயிற்றுக்கு வெளியே நின்று ஒருவர் தாளம் கொடுக்க வேண்டும். வலை இழுக்கிறவர்களும் படகு தள்ளுகிறவர்களும் போடும் "ஐலசா" இந்தக் கணக்குத்தான். எல்லோர் மூச்சும் ஒரே நொடியில் விழுவதற்கு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படகு அணி வீரர்கள் 12 பேரை வைத்து எம்மா கோஹன், ராபின் டன்பார் முதலியோர் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வீரர்கள் துடுப்பு மெஷினில் 45 நிமிஷம் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை கூட்டாகத் தாளத்தோடும் பயிற்சி செய்தார்கள். முடித்ததும் பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை இறுக்கினார்கள். கூட்டாகப் பயிற்சி செய்த நாளில் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது, உழைப்பு ஒன்றாக இருந்தும். உடம்பில் சுரக்கும் எண்டார்ஃபின் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். தேர் வடம் பிடித்துவிட்டு வருகிறவர்கள் கை கொப்பளித்திருந்தும் முகம் மலர்ந்து வருவார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

எந்த விளையாட்டு?

முதலில் எல்லோரும் சொல்வது கிரிக்கெட். எனக்கு இதில் சம்மதமில்லை. ஆடத் தெரிந்த இரண்டு பேர் பேட்டிங், பௌலிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். மிச்சம் ஒன்பது பேர் வெயிலில் நின்று பந்து பொறுக்குவார்கள். கிரிக்கெட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் உள்ளரங்கக் கிரிக்கெட்டின் விதிகளைக் கடன் வாங்குங்கள். அணிக்கு எட்டுப் பேர், 16 ஓவர். ஜோடி ஜோடியாக இறங்கி ஒவ்வொரு ஜோடியும் நான்கு ஓவர் ஆடியே தீர வேண்டும். அவுட் ஆனால் வெளியே போக வேண்டியதில்லை, ஐந்து ரன் கழிப்பார்கள். எட்டுப் பேரும் தலைக்கு இரண்டு ஓவர் போட வேண்டும். மட்டையே பிடிக்காத டெஸ்பாட்ச் கிளார்க்கும் நான்கு ஓவர் நிற்கிறார். அவரோடு ஜோடி சேர்ந்த ஆள், "சார், தொட்டுட்டு ஓடி வாங்க, போதும்" என்று ஓவருக்கு ஓவர் சொல்லிக்கொடுக்கிறார். நாம் இவ்வளவு செலவு செய்து வாங்க நினைப்பது அந்தப் பேச்சைத்தான்.

எறிபந்து இன்னும் நல்லது. அணிக்கு ஏழு பேர். பந்தைப் பிடித்து மூன்று விநாடிக்குள் வலைக்கு மேலே எறிய வேண்டும். பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம், ஓட்டம் அதிகமில்லை, பள்ளியில் ஆடிய பெண்கள் பலர் அலுவலகத்திலேயே இருப்பார்கள். ஆண்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கிற காட்சியும் கிடைக்கும். கபடி பார்க்க அருமை. ஆனால் நாற்பது தாண்டியவரின் முழங்காலை நினைத்தால் எனக்குப் பயம். களத்துக்கே வர விரும்பாதவர்களை இழுக்காதீர்கள். இரட்டையர் கேரம் வையுங்கள், ஸ்கோர் நோட்டைக் கொடுங்கள். கேரமில் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர்தான், ஆகவே அதை உட்கார்ந்து ஆடும் விளையாட்டு என்று யாரும் மட்டமாகப் பேச வேண்டாம்.

கயிறு வைப்பதென்றால் எடையைச் சமன்படுத்துங்கள். முறையான போட்டியில் எட்டுப் பேரின் மொத்த எடையை வைத்துத்தான் பிரிவே. நாங்கள் பிறகு ஒரு வருஷம் ஸ்டோர்ஸில் காஸ்டிங் எடை போடும் மேடையைப் பயன்படுத்தினோம். ஒவ்வொருவராக ஏறச் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. ஸ்டோர்ஸ் பெரியவர்தான் வழி சொன்னார்: "எட்டுப் பேரும் ஒண்ணா ஏறுங்கம்மா. மொத்தம் மட்டும் நான் பாக்கறேன், தனித்தனியா யார் கண்டா?" மேடையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, விழாமல் நெருங்கி நின்றார்கள். முள் 520-ஐத் தாண்டி ஆடி நின்றது. போட்டியைவிட அந்த மேடையில்தான் சிரிப்பு அதிகம்.

கேப்டன், பரிசு, நேரம்

மேனேஜரைக் கேப்டனாக்காதீர்கள். அவர் தவறாக ஓடினால் யார் சொல்வது? பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த டிரெயினி கேப்டனாக இருக்கட்டும், மேனேஜர் அவன் சொல்கிற இடத்தில் நிற்கட்டும். ஒரு மேனேஜருக்கு அது ஒத்துவராது என்றால் அவருக்குப் பரிசு வழங்கும் வேலை கொடுத்துவிடுங்கள். அதில் யாருக்கும் சேதமில்லை.

பரிசு சின்னதாக இருக்கட்டும். பேனாக்கத்திக்காகத்தான் அந்தப் பையன்கள் அந்தப் பாடு பட்டார்கள். பெயர் பொறித்து வருஷா வருஷம் கைமாறும் சுழற்கோப்பை ஒன்று போதும், மற்றபடி ஆடிய எல்லோருக்கும் ஒரே துண்டு, ஒரே டிபன் பாக்ஸ். நான் ரசித்த ஒரு வழக்கம்: ஜெயித்த அணிதான் அன்று எல்லோருக்கும் பந்தி பரிமாற வேண்டும். தோற்றவர்கள் இலை முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டு "ரசம் இந்தப் பக்கம் வரலை" என்று அதட்டலாம். மைக் பிடிப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், டிபார்ட்மெண்ட் பெயரை வைத்து ஜோக் அடிக்கக் கூடாது என்று. புலி எலி கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நேரம் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால், குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசிக்கிறவர்கள் மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவார்கள். அவர்கள் திட்டுவதும் நியாயம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்காமல், ஆறு வாரத்துக்கு வாரம் இரண்டு நாள் ஷிஃப்ட் முடிய அரை மணி முன்னதாக விட்டால் நல்லது. பழக்கம் வளர்வது பயிற்சியில்தான். ஃபைனலில் எல்லோரும் டென்ஷனில் இருப்பார்கள்.

இதையெல்லாம் செய்தும் தீராதவை உண்டு. இரண்டு மாதச் சம்பள பாக்கியைக் கயிறு இழுத்துத் தீர்க்க முடியாது. வாய் கெட்ட சூப்பர்வைசரை எறிபந்து திருத்தாது. அந்த நேரத்தில் விளையாட்டு விழா வைத்தால், பந்தல் போட்ட காசைத்தான் எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள்.

கையில் சுற்றாதீர்கள்

கடைசியாகக் கயிறு பற்றி. 1997 அக்டோபர் 25 அன்று தைவானின் தைபே நகரில் 1,600 பேருக்கு மேல் சேர்ந்து ஒரு நைலான் கயிற்றை இழுத்தார்கள். கயிறு அறுந்தது. நைலான் இழுக்க இழுக்க நீளும், அறுந்தால் சவுக்காகச் சுண்டும். இரண்டு பேரின் இடது கை துண்டாகிப் போனது. அறுவை சிகிச்சையில் ஒட்ட வைத்தார்கள். உங்கள் மைதானத்தில் 16 பேர்தான். இருந்தாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், முனையில் சுருக்குப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வதும் கண்டிப்பாகக் கூடாது. சுற்றிய கயிறு திடீரென்று இழுபட்டால் விரல் தப்பாது. தோற்கும்போது கையை விட்டுவிடலாம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பி.பி., சர்க்கரை, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். எழுந்து நேரே கயிற்றைப் பிடிக்காமல் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். காலணி எல்லோருக்கும் ஒரே மாதிரி, அல்லது எல்லோரும் வெறுங்கால் என்று விதி போடுங்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் லிவர்பூல் போலீஸ் அணி போட்டிருந்த கனத்த பூட்ஸைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டு அமெரிக்க அணி போட்டியிலிருந்தே விலகியது. சேஃப்டி ஷூ போட்ட மெஷின் ஷாப்பும் ரப்பர் செருப்பு போட்ட ஆபீஸும் மோதினால் உங்களுக்கும் அந்தத் தலைவலி வரும்.

நைலான் வேண்டாம், பருமனான மணிலாக் கயிறு வாங்குங்கள். கை நிறையப் பிடிக்க வர வேண்டும். வாங்கியதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே போய்ப் பிரி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு சிவப்புத் துணி, அதற்கு இரு பக்கமும் நான்கு மீட்டரில் ஒவ்வொரு வெள்ளைத் துணி. போட்டி முடிந்ததும் மண்ணைத் தட்டி, நிழலில் காயவைத்து, வளையமாகச் சுற்றி ஸ்டோர்ஸ் பரண் மேல் போட்டுவிட வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் மக்கிவிடும். எங்கள் ஸ்டோர்ஸ் பெரியவர் அதை எலி கடிக்காமல் இருக்க ஒரு பழைய கிரீஸ் டிரம்முக்குள் வைத்து மூடியிருந்தார். மூடி மேல் சாக்பீஸில் அந்த வருஷத்துப் பஸ் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.